வழக்கு இழுபட்ட காலத்துக்கு யார் பணம் தருவது?

  இது நீளமான பதிவு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

"இருபது வருசம் வழக்குப் பேசின ஒருத்தருக்கு, அந்த இருபது வருசத்துக்கும் அரசாங்கம் நட்டஈடு ஏதும் குடுக்குமா சேர்?" என்று கொட்டாஞ்சேனையில் ஒரு பெரியவர் கேட்டார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். வழக்கில் வென்றாலே பெரிய காரியம், இதில் நட்டஈடு வேறா என்ற சிரிப்பு. ஆனால் அது சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை. இத்தாலியில் 2001 முதலும் ஜெர்மனியில் 2011 முதலும் அந்தக் கேள்விக்குப் பதில் "ஆம், கொடுக்கும்". இலங்கையில் "இல்லை". அங்கே எப்படி வந்தது, இங்கே ஏன் வரவில்லை என்பது ஒரு வரலாறு. நான் படிப்பிக்கும் பாடமும் அதுதான் என்பதால் எழுதத் துணிந்தேன்.

முதலில் நம் சட்டத்தில் காலம் யாருக்கு ஓடுகிறது என்று பார்ப்போம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டம், பேச்சில் "பிரெஸ்கிரிப்ஷன்" என்று சொல்வது, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கடைக்காரர் கடனுக்குச் சாமான் கொடுத்தால் ஒரு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். வாய்மொழி உடன்படிக்கைக்கு மூன்று வருடம், எழுதிய உடன்படிக்கைக்கு ஆறு வருடம். ஒருவர் செய்த தீங்கால் நட்டம் வந்திருந்தால் இரண்டு வருடம். உங்கள் காணியில் வேறொருவர் உங்கள் உரிமையை ஏற்காமல் பத்து வருடம் இடைவிடாமல் இருந்துவிட்டால், காணியே அவருடையதாகிவிடலாம். மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு பிடிக்கவில்லையா? 14 நாளுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தல், 60 நாளுக்குள் மேன்முறையீட்டு மனு. ஒரு நாள் பிந்தினாலும் சட்டத்தரணி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார். அடிப்படை உரிமை மனு என்றால் ஒரே ஒரு மாதம்.

இப்படிப் பிந்தி வந்த வழக்காளிக்குக் கதவைச் சாத்துகிற அதே சட்டப் புத்தகத்தில், பிந்தி வந்த தீர்ப்புக்கு ஒரு தண்டமும் இல்லை. தரப்புகளுக்கிடையே மட்டும் சின்ன ஏற்பாடு ஒன்று இருக்கிறது. ஒரு தரப்பு தவணை கேட்டால், அடுத்த தவணைக்கு முன் மற்றத் தரப்புக்கு இவ்வளவு செலவுப் பணம் கட்டு, கட்டாவிட்டால் உன் வழக்கு போய்விடும் என்று நீதிபதி கட்டளையிடலாம். அது தரப்பு செய்த தாமதத்துக்கு. நீதிபதி மாற்றலாகிப் போனதால், வழக்கேடு காணாமல் போனதால், அன்றைக்கு வேறு வழக்கு நீண்டுபோனதால் இழந்த வருடங்களுக்கு யாரும் பொறுப்பில்லை.

அரசு நினைத்தால் இந்தக் கடிகாரத்தை நிறுத்தவும் முடியும் என்பதற்கு நம் சமூகத்துக்கே தெரிந்த சாட்சி இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் விரட்டப்பட்டார்கள். யாழ்ப்பாணம் சோனகதெருவில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். புத்தளத்துக்கு வந்தார்கள், கொழும்புக்கும் வந்தார்கள். இந்தப் பதிவை வாசிக்கும் சிலரின் வாப்பா உம்மா அவர்களில் உண்டு. விட்டுவந்த வீட்டில் வேறொருவர் பத்து வருடத்துக்கு மேல் இருந்துவிட்டால் 1871ஆம் ஆண்டுச் சட்டம் யார் பக்கம் நிற்கும்? வெள்ளவத்தையில் வந்து தங்கிய எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கும் ஊர்க் காணி விடயத்தில் இதே பயம் இருந்தது. 2016இல்தான் பாராளுமன்றம் 5ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டுவந்து, ஆயுதக் குழுக்களின் செயல்களால் உரிமையைத் தேடிப் போக முடியாதவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் கணக்கில் சேராது என்றது. யுத்தம் முடிந்து ஏழு வருடம் கழித்து வந்த சட்டம். அது மக்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டே வருடம்! அரசு தனக்கு எடுத்துக்கொண்டது ஏழு. இருந்தாலும் ஒரு உண்மையை அது ஒப்புக்கொண்டது: ஓடிப்போன காலமெல்லாம் வழக்காளியின் குற்றம் அல்ல. வழக்குப் போடுவதற்கு முன் போன காலத்துக்கு அந்த ஒப்புதல் கிடைத்துவிட்டது. வழக்குப் போட்ட பிறகு போகும் காலத்துக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இந்த நீதிமன்ற அமைப்பு வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1801இல் பிரித்தானியர் ஒரு சாசனத்தால் உயர் நீதிமன்றத்தை அமைத்தார்கள். கோல்புறூக் – கமரன் சீர்திருத்தம் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்களே, அதில் நீதித்துறை பற்றிய பகுதி கமரனுடையது. இனத்துக்கொரு மன்று, அந்தஸ்துக்கொரு மன்று என்றில்லாமல் எல்லாருக்கும் ஒரே மாவட்ட நீதிமன்றம் என்ற யோசனை 1833ஆம் ஆண்டுச் சாசனத்தில் நடைமுறைக்கு வந்தது. நல்ல யோசனைதான். ஆனால் மன்று திறந்ததும் சனம் நிரம்பியது. காணி, அதுவும் பங்குக் காணி. எமர்சன் டெனென்ட் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் ஒரு வழக்கைக் குறிப்பிடுகிறார்: பிணக்கு, பத்துத் தென்னை மரங்களில் 2,520இல் ஒரு பங்குக்கு. வெள்ளைக்காரர் அதை நம்மவர்களின் வழக்காடும் மோகம் என்று கேலியாகப் பார்த்தார். எனக்கு அந்தக் கணக்கில் மோகம் தெரியவில்லை, பங்கு பிரிக்காமல் கழிந்த தலைமுறைகள்தான் தெரிகின்றன.

அந்த எண் எப்படி வரும் என்று நம் வாரிசுரிமையை வைத்தே பார்க்கலாம். முஸ்லிம்களுக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்து அவர் சார்ந்த மத்ஹபின்படி பிரியும். ஒருவர் மௌத்தாகிறார். மனைவி, மூன்று மகன், இரண்டு மகள். மனைவிக்கு 8இல் 1. மீதியை எட்டாக்கி மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று. 64 என்று வைத்தால் மனைவிக்கு 8, ஒவ்வொரு மகனுக்கும் 14, ஒவ்வொரு மகளுக்கும் 7. கணக்கு சுத்தம், எட்டாம் வகுப்புப் பிள்ளையும் செய்யும்.

இப்போது பிரிவினை வழக்குப் போடுகிறார்கள். வழக்கு நடக்கும்போது ஒரு மகன் மௌத்தாகிறார். அவருக்குத் தாய் இருக்கிறார், மனைவி, இரண்டு மகன், ஒரு மகள். தாய்க்கு 6இல் 1, மனைவிக்கு 8இல் 1, மீதி 24இல் 17 பிள்ளைகளுக்கு. அந்தச் சின்ன மகளின் பங்கு முழுக் காணியில் 3,840இல் 119. காணி 14 பேர்ச் என்றால் அவளுக்கு வருவது ஏறக்குறைய 118 சதுர அடி, ஒரு சின்ன அறை. இன்னொருவர் இறந்தால் பகுதி எண் இன்னும் பெருக்கும். அல்லாஹ் விதித்த பங்கு துல்லியமானது; அது உடனே பிரித்துக் கொடுப்பதற்காக வந்த பங்கு. ஜனாஸாச் செலவும் கடனும் வஸிய்யத்தும் கழிந்த கையோடு பிரியவேண்டியதை முப்பது வருடம் மன்றில் வைத்தால், வீட்டு முற்றம் பின்னமாகிவிடுகிறது. கடைசியில் பிரிக்க முடியாத அளவு சின்னதாகி, காணியை விற்றுக் காசைப் பங்கிடச் சொல்லி மன்று கட்டளையிடும். வீடு யாருக்கும் இல்லை.

பிரிவினை வழக்குக்கென்றே இங்கே தனிச் சட்டம் உண்டு. 1863இல் முதல் கட்டளைச் சட்டம், 1951இல் புதுச் சட்டம், 1977இல் 21ஆம் இலக்கச் சட்டம். ஒவ்வொன்றும் முன்னதன் தாமதத்தைத் தீர்க்க வந்தது. வழக்கைக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். மன்று சேர்வையருக்குக் கொமிஷன் அனுப்பும், அவர் பிளான் கீறிக் கொடுப்பார். பங்குக்காரர் எல்லாருக்கும் அழைப்பாணை போக வேண்டும். ஒருவர் சவூதியில், ஒருவர் அவுஸ்திரேலியாவில். பிறகு விசாரணை, முதற்கட்ட டிக்கிரி, மறுபடியும் சேர்வையர், கடைசி டிக்கிரி. இடையில் யாராவது இறந்தால் அவர் இடத்துக்கு வாரிசுகளைச் சேர்க்கும் வரை வழக்கு நகராது. எங்கள் குடும்பத்திலும் இப்படி ஒன்று உண்டு. எந்த ஊர், எந்த மன்று என்பது இங்கே வேண்டாம். வழக்குப் போட்டபோது வாப்பும்மா உயிரோடு இருந்தார், வழக்காளி எதிராளி எல்லாமாக எட்டுப் பேர். இப்போது பெயர்ப் பட்டியல் இரண்டு பக்கம். அதில் இருக்கும் சிலரை நான் கண்டதே இல்லை.

பங்குக் காணிக்கு அடுத்தபடி நம் பக்கத்தில் வாடகை வீடு. 1948ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்குப் பின் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமும் குடியிருப்பவரைப் பாதுகாக்க வந்தவை. கொட்டாஞ்சேனையில் எத்தனையோ ஏழைக் குடும்பங்கள் தெருவுக்கு வராமல் இருந்தது அந்தச் சட்டத்தால்தான், அதை மறைக்கக் கூடாது. ஆனால் வழக்கு நடக்கும் காலமெல்லாம் குடியிருப்பவர் கட்டுவது பழைய மதிப்பீட்டின்படி வந்த சொற்ப வாடகை. அப்போது தாமதம் ஒரு தரப்புக்கு இலாபம், மற்றத் தரப்புக்கு நட்டம். இலாபம் உள்ளவர் ஏன் அவசரப்படுவார்? தவணை கேட்பதும், சுகவீனச் சான்றிதழ் கொடுப்பதும், சட்டத்தரணியை மாற்றுவதும் நம்மில் பலருக்குத் தெரிந்த கலை. நீதிபதிகளை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போவது நியாயம் அல்ல.

அரசு சும்மா இருந்ததா என்றால், இல்லை. 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையைத் தாமதத்தின் தாய் என்று கருதி, நீதி அமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க 1973லும் 1975லும் நீதி நிருவாகச் சட்டங்களைக் கொண்டுவந்து பழைய முறையையே தூக்கி எறிந்தார். 1977இல் ஆட்சி மாறியது, பழைய கோவை திரும்பி வந்தது. அதற்கிடையில் மாட்டுப்பட்ட வழக்குகள் ஒரு முறையில் தொடங்கி, இன்னொரு முறையில் நடந்து, மறுபடி முதல் முறைக்கே போயின. 1988இல் மத்தியஸ்த சபைகள் வந்தன. சின்னப் பிணக்குகளுக்கு உண்மையில் உதவின, இன்றும் உதவுகின்றன. 2017இல் விசாரணைக்கு முந்திய கட்டத்தைச் சீராக்கினார்கள். 2020இல் அரசியலமைப்பின் 20ஆம் திருத்தம் உயர் நீதிமன்ற நீதிபதிகளை 11இலிருந்து 17 ஆகவும், மேன்முறையீட்டு நீதிமன்ற நீதிபதிகளை 12இலிருந்து 20 ஆகவும் கூட்டியது. இவ்வளவுக்குப் பிறகும் நாட்டில் நிலுவையில் உள்ள வழக்குகள் பத்து இலட்சத்துக்கு மேல்.

இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் உறைத்தது 1990. அந்த வருடம் 2ஆம் இலக்கச் சட்டம் கடன் கொடுத்த நிறுவனங்களுக்குச் சுருக்கமான வழக்கு முறையைத் தந்தது. 4ஆம் இலக்கச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், ஈடு வைத்த சொத்தை மன்றுக்கே போகாமல் ஏலத்தில் விற்கும் அதிகாரத்தை வங்கிகளுக்குக் கொடுத்தது. "பராட்டே" என்று இப்போது வியாபாரிகள் எல்லாருக்கும் தெரிந்த சொல். பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு 2024இல் அதைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்க வேண்டி வந்தது. ஏன் அந்தச் சட்டம் வந்தது? வழக்குப் பேசி முடியக் காத்திருந்தால் வங்கியின் பணம் முடங்கும் என்பதால். தாமதத்துக்கு விலை உண்டு என்பது அரசுக்கு நன்றாகத் தெரியும். வங்கியின் காலத்துக்கு விலை வைத்தது, வரிசையிலிருந்து வெளியே போக வழிவிட்டது. கைம்பெண்ணின் எட்டில் ஒரு பங்கு இன்னும் வரிசையில் நிற்கிறது.

தாமதம் அநீதி என்ற எண்ணம் புதிதல்ல. 1215இல் இங்கிலாந்து மன்னரிடம் பிரபுக்கள் வாங்கிய மக்னா கார்ட்டாவில், நீதியை விற்கவோ மறுக்கவோ தாமதிக்கவோ மாட்டேன் என்ற வாக்குறுதி இருக்கிறது. அதற்கும் ஐந்நூறு வருடத்துக்கு மேல் முந்தியது உமர் (ரலி) அவர்கள் அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களுக்கு எழுதியதாக வரும் கடிதம். நீதிபதி எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் அந்தக் கடிதத்தில் தவணை பற்றியும் உண்டு: ஆதாரம் கையில் இல்லை என்று சொல்பவருக்கு ஒரு தவணை குறித்துக் கொடு, அதற்குள் கொண்டுவந்தால் அவர் உரிமையைக் கொடு, வராவிட்டால் தீர்ப்பைச் சொல்லிவிடு. தவணை மறுக்கப்படவில்லை. ஆனால் அது முடிகிற தவணை.

ஆனால் வாக்குறுதி வேறு, அதை மீறினால் பணம் கட்டுவது வேறு. அந்த இரண்டாவது விடயம் ஐரோப்பாவில்தான் நடந்தது, அதுவும் மெதுவாக. 1950இல் கையெழுத்தான ஐரோப்பிய மனித உரிமைச் சமவாயத்தின் 6ஆம் உறுப்புரை, குடியியல் உரிமை பற்றிய வழக்கும் நியாயமான காலத்துக்குள் விசாரிக்கப்பட வேண்டும் என்கிறது. பல வருடம் அது வெறும் எழுத்தாகவே இருந்தது. ஜெர்மனியில் கூனிக் என்ற வைத்தியர் ஒரு கிளினிக் நடத்திவந்தார். அதை நடத்தும் அனுமதியையும், பிறகு வைத்தியத் தொழில் செய்யும் அனுமதியையும் அதிகாரிகள் பறித்தார்கள். அவர் 1967இல் தொடங்கிய வழக்கு பத்து வருடம் கழித்தும் முடியவில்லை. ஸ்ட்ராஸ்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1978 ஜூன் 28இல், ஜெர்மனி அவருடைய உரிமையை மீறிவிட்டது என்று தீர்ப்பளித்தது. அவர் சரியா, அதிகாரிகள் சரியா என்பது அங்கே கேள்வியே இல்லை. தாமதம் தனியாகவே ஒரு தவறு. வழக்கில் தோற்கக் கூடியவருக்கும் காலத்தோடு பதில் பெறும் உரிமை உண்டு.

அடுத்த படி 1983இல் சுவிற்சர்லாந்து பற்றிய தீர்ப்பு. எங்கள் மன்றுக்கு வழக்குகள் குவிந்துவிட்டன, நாங்கள் என்ன செய்ய என்று அந்த அரசு சொன்னது. திடீரென்று வந்து சீக்கிரம் தீர்க்கப்படும் நெருக்கடி என்றால் ஏற்கலாம், குவியல் நிரந்தரமாகிவிட்டால் அது சாக்கு இல்லை, மன்றுகளைச் சரியாக ஒழுங்கமைப்பது அரசின் கடமை என்றது நீதிமன்றம். நமக்கு மிகவும் பொருந்துவது இதுதான். "பத்து இலட்சம் வழக்கு இருக்கிறதே" என்று இங்கே அமைச்சர்கள் சொல்லும்போது அது விளக்கம்போலக் கேட்கிறது. ஸ்ட்ராஸ்பேர்க்கில் அது ஒப்புதல் வாக்குமூலம்.

இத்தாலிதான் இந்த விடயத்தில் பெரிய பாடம். அந்த நாட்டு வழக்குத் தாமதம் பற்றி மட்டும் ஆயிரக்கணக்கான மனுக்கள் ஸ்ட்ராஸ்பேர்க்கில் குவிந்தன. கடைசியில் மிஷேல் பின்ட்டோ என்ற செனட்டரின் பெயரால் அறியப்படும் 2001 மார்ச் 24ஆம் திகதியின் 89ஆம் இலக்கச் சட்டம் வந்தது. இனி வெளியே போக வேண்டாம், தாமதத்துக்கு நட்டஈட்டை நாட்டுக்குள்ளேயே மேன்முறையீட்டு மன்றில் கேள், நாலு மாதத்தில் பதில் வரும் என்றது. பிறகு 2012இல் அளவுகோலும் வைத்தார்கள்: முதல் மன்றுக்கு மூன்று வருடம், மேன்முறையீட்டுக்கு இரண்டு, கடைசி மன்றுக்கு ஒன்று. அதற்கு மேல் போன ஒவ்வொரு வருடத்துக்கும் பணம். 2016 முதல் அது வருடத்துக்கு 400 முதல் 800 யூரோ வரை.

என்ன நடந்தது தெரியுமா? நட்டஈட்டு வழக்குகளே குவிந்து அவையும் தாமதமாயின. ரெஜியோ கலாப்ரியாவில் தகப்பன் காணியை அரசு சுவீகரித்தது தொடர்பாக எட்டு வருடத்துக்கு மேல் வழக்குப் பேசிய நாலு வாரிசுகளுக்கு மன்று கொடுத்த மொத்தத் தொகை 2,450 யூரோ. ஸ்கோர்தினோ வழக்கு என்று பெயர் பெற்ற அதில், இந்தத் தொகை மிகக் குறைவு என்று 2006இல் ஸ்ட்ராஸ்பேர்க் சொன்னது. 2010இல் இன்னும் வேடிக்கை: கட்டளையிட்ட நட்டஈட்டை இத்தாலி காலத்தோடு கட்டவில்லை என்று 475 பேர் போனார்கள். தாமதத்துக்கான நட்டஈடு தாமதமானதற்காக ஆளுக்கு 200 யூரோ கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. இதைப் படித்துவிட்டு "அப்போ இது வேலைக்கு ஆகாது" என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அதுவரை யார் கணக்கிலும் வராத காலம் நிதியமைச்சின் செலவுக் கணக்கில் ஒரு வரியாக ஏறிவிட்டது. மன்றுக்கு ஆள் போடுவது மலிவா, நட்டஈடு கட்டுவது மலிவா என்று அரசு யோசிக்க வேண்டி வந்தது.

ஜெர்மனி கொஞ்சம் புத்தியாகச் செய்தது. 2011 டிசம்பரில் அமுலுக்கு வந்த சட்டப்படி, வழக்கு இழுபடுகிறது என்று தோன்றினால் முதலில் அதே மன்றில் தாமத முறையீடு ஒன்றைக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவருக்கு நட்டஈடு இல்லை. கொடுத்து ஆறு மாதம் கழித்துத்தான் நட்டஈட்டு வழக்குப் போடலாம். வழமையான தொகை தாமதமான ஒரு வருடத்துக்கு 1,200 யூரோ. பணத்தைக் கட்டுவது அரசு. நீதிபதியின் சட்டைப் பையில் கை வைப்பதில்லை, அவர் தீர்ப்பில் தலையிடுவதும் இல்லை. இங்கே இதைப் பேசினாலே "நீதித்துறைச் சுதந்திரம்" என்று பயப்படுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் குடும்பங்களில் பாதி இப்போது இரண்டு நாட்டில். வெள்ளவத்தையில் அண்ணன், ஸ்டுட்கார்ட்டில் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் ஒரே மாதிரிக் காணி வழக்கு, ஒன்று அங்கே, ஒன்று இங்கே. தம்பி ஒரு கடிதம் கொடுத்துவிட்டு ஆறு மாதம் எண்ணுவார். அண்ணன் அடுத்த தவணையை எண்ணுவார்.

இங்கே ஏன் முடியாது? 1969இல் 22ஆம் இலக்கச் சட்டம் வரும் வரை, அரச ஊழியர் செய்த தீங்குக்காக அரசின் மீது நட்டஈட்டு வழக்கே போட முடியாது. அது திறந்த பிறகும் நீதிபதி மன்றில் இருந்து செய்யும் செயலுக்கான விலக்கு பழைய மரபாகவே தொடர்கிறது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 17ஆம், 126ஆம் உறுப்புரைகள் அடிப்படை உரிமை மீறலுக்கு நிவாரணம் தருகின்றன. ஆனால் நிறைவேற்றுத்துறை, நிருவாகச் செயல்களுக்கு மட்டும். நீதித்துறைச் செயல் அதற்குள் வராது. பொலிஸ்காரர் உங்களை ஒரு நாள் பிழையாக அடைத்தால் உயர் நீதிமன்றம் போகலாம். மன்று உங்களை முப்பது வருடம் காக்கவைத்தால் போக இடமில்லை.

அதே 126ஆம் உறுப்புரையில் இன்னொரு வரி உண்டு: அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றம் இரண்டு மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். மனுதாரருக்கான ஒரு மாதம் கட்டாயம், மன்றுக்கான இரண்டு மாதம் வெறும் வழிகாட்டல் என்றே நடைமுறை. 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் மற்ற இடங்களிலும் நடந்த கொடூரத்தைத் தடுக்கத் தவறியது பற்றிய மனுக்கள் அந்த வருடமே தாக்கலாயின. ஏழு நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னது 2023 ஜனவரி 12இல். முன்னாள் ஜனாதிபதிக்கு 10 கோடி ரூபா, நான்கு முன்னாள் உயர் அதிகாரிகளுக்கு மொத்தம் 21 கோடி ரூபா என்று கட்டளை. பெரிய தீர்ப்பு, நாடு பெருமைப்படக்கூடியது. அதற்கே மூன்றரை வருடத்துக்கு மேல். அதன் பிறகு பணத்தைத் தவணையில் கட்டுவதற்கு முன்னாள் ஜனாதிபதி அவகாசம் கேட்டார். நம் அயலவர்களான அந்தக் கொட்டாஞ்சேனைக் குடும்பங்களுக்கு அந்தக் காலம் எப்படிப் போயிருக்கும் என்று நாம் அவர்களைக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

வெளியே போகும் கதவும் பாதி சாத்தியிருக்கிறது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1980இல் சேர்ந்தது. தனிமனிதர் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் முறையிட வழிசெய்யும் ஏற்பாட்டில் 1997இல் சேர்ந்தது. குடியியல் வழக்கிலும் தாமதம் நீதியான விசாரணையைக் கெடுக்கும் என்பது அந்தக் குழு 2007இல் வெளியிட்ட விளக்கத்தில் இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு வருடம் முன்பே, சிங்கராசா வழக்கில், 1997இல் ஜனாதிபதி அப்படிச் சேர்ந்தது அரசியலமைப்புக்கு முரண், இங்கே சட்ட வலு இல்லை என்று நம் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. குழு என்ன சொன்னாலும் இங்கே அதை வைத்து ஒரு ரூபா வசூலிக்க முடியாது.

ஆகவே இது அரசியலமைப்பை மாற்றும்போது கேட்க வேண்டிய விடயம். புதிய அரசியலமைப்பு பற்றி ஒவ்வொரு அரசும் பேசுகிறது. பள்ளி நிர்வாகங்களும் கோயில் சபைகளும் சங்கங்களும் முன்மொழிவு எழுதிக் கொடுக்கின்றன. அதில் மொழி, மதம், அதிகாரப் பகிர்வு எல்லாம் இருக்கும், இருக்கவும் வேண்டும். நான் இதுவரை பார்த்த எதிலும் வழக்குக் காலம் இல்லை. குடியியல் வழக்கை நியாயமான காலத்துக்குள் கேட்கும் உரிமை, அது மீறப்பட்டால் அரசிடமிருந்து நட்டஈடு, அதற்கு முன்படியாக ஜெர்மனியில் உள்ளதுபோல ஒரு தாமத முறையீடு: மூன்று வசனம் போதும். முறையீட்டு ஏற்பாட்டுக்கு அரசியலமைப்பு மாறும் வரை கூடக் காத்திருக்கத் தேவையில்லை, சாதாரணச் சட்டத்திலேயே செய்யலாம்.

முன்மொழிவு எழுதுவதற்குக் கையில் கணக்கு வேண்டும். நம் பக்கத்தில், வெள்ளவத்தையோ கொட்டாஞ்சேனையோ, யாருடைய குடும்பத்திலாவது 2005க்கு முன் தாக்கலாகி இன்னும் முடியாத குடியியல் வழக்கு இருந்தால், தாக்கலான வருடம், காணியா வாடகையா கடனா என்ற வகை, இப்போது எந்தக் கட்டம் என்ற மூன்றை மட்டும் எனக்கு அனுப்புங்கள். பெயர் வேண்டாம், வழக்கு இலக்கம் வேண்டாம், எந்த நீதிபதி என்பதும் வேண்டாம். இரண்டு மாதத்தில் பட்டியலை இங்கேயே போடுகிறேன், இன்ஷா அல்லாஹ்.